வாசகர் கேள்வி–பதில்: எரிசக்தி வணிகமும் எண்ணெய், எரிவாயுச் சட்டமும் படிக்க விரும்புவோருக்கு

எரிசக்தி வணிகத்தையும் எண்ணெய், எரிவாயுச் சட்டத்தையும் பல்கலைக்கழகத்தில் படிப்பது பற்றி வாசகர்கள் சிலர் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு இம்முறை விடை எழுதுகிறேன். நீண்ட கடிதங்களின் சாரத்தை மட்டும் கேள்வியாகத் தந்திருக்கிறேன்.

கேள்வி: சட்டப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். ஒப்பந்தச் சட்டம், சொத்துச் சட்டம், வரிச் சட்டம் எல்லாம் படித்துவிட்டேன். எண்ணெய், எரிவாயுச் சட்டத்துக்கென்று தனியாக ஒரு முதுநிலைப் படிப்பு எதற்கு? படித்த பாடங்களையே எண்ணெய்க்குப் பொருத்திச் சொல்வதுதானே அது?

பதில்: நீங்கள் படித்த பாடங்கள்தான் இதற்கு அடித்தளம். ஆனால் அந்தப் பாடங்கள் நிலத்தையும் வீட்டையும் சரக்கையும் மனத்தில் வைத்து வளர்ந்தவை. நிலத்துக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து, அழுத்தம் குறைந்த பக்கம் நகர்ந்துவிடும் ஒரு பொருளுக்கு உடைமையாளர் யார் என்ற கேள்வி எழுந்தவுடன் அவை தடுமாறத் தொடங்கிவிடுகின்றன.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1859-இல் டிரேக் என்பவர் தோண்டிய கிணற்றில் எண்ணெய் கிடைத்தது. அதன்பின் முப்பது ஆண்டுகள் கழித்து, 1889-இல், அம்மாநில உச்ச நீதிமன்றம் எண்ணெயையும் எரிவாயுவையும் காட்டு விலங்குகளுக்கு ஒப்பிட்டது. வேட்டைப் பொருள் எவர் கையில் அகப்படுகிறதோ அவருக்கே சொந்தம் என்பதுபோல, கிணறு தோண்டி மேலே கொண்டுவருபவருக்கே எண்ணெய் சொந்தம் என்ற கைப்பற்றல் விதி இவ்வாறு நிலைபெற்றது. பக்கத்து நிலத்துக்காரர் தம் கிணற்றின் வழியாக உங்கள் நிலத்தடி எண்ணெயை உறிஞ்சினால், நீங்களும் ஒரு கிணறு தோண்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அதன் விளைவு என்ன என்பதைக் கிழக்கு டெக்சஸ் காட்டியது. அங்கே 1930-இல் பெரிய எண்ணெய் வயல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதும் அவரவர் எல்லைக்குள் அவசர அவசரமாகக் கிணறுகள் தோண்டப்பட்டன. மறு ஆண்டே விலை அதலபாதாளத்துக்குச் சென்றது. 1931 ஆகஸ்டில் ஆளுநர் இராணுவச் சட்டத்தை அறிவித்துப் படையை அனுப்பி உற்பத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு நீதிமன்றம் எடுத்துக்கொண்ட ஓர் உவமை, பாறைக்குள் இருந்த அழுத்தத்தை வீணாக்கி, எடுத்திருக்கக்கூடிய எண்ணெயில் ஒரு பகுதியை என்றென்றைக்கும் எடுக்க முடியாமல் செய்துவிட்டது. ஒரே வயலின் மேல் இருக்கும் அனைவரும் அதை ஒரே அலகாக இயக்க வேண்டும் என்ற விதிகள் இத்தகைய பட்டறிவிலிருந்து பிறந்தவை. சட்டத்தைப் பாறையின் இயல்போடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

அமெரிக்காவில் தனியார் நிலத்துக்கடியில் உள்ள கனிமம் தனியார் உடைமையாக இருக்க முடியும். உலகின் மற்ற நாடுகளில் பெரும்பாலானவற்றில் அது அரசின் உடைமை. பிரிட்டனில்கூட 1934-ஆம் ஆண்டுச் சட்டமே பெட்ரோலியத்தை முடியரசின் உடைமையாக்கியது. ஆகவே, உலகளவில் இத்துறையின் நடுநாயகமான கேள்வி வேறொன்று. வளத்தை வைத்திருக்கும் ஓர் அரசு, பணமும் நுட்பமும் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தோடு எந்த நிபந்தனைகளின் பேரில் உடன்படுகிறது என்பதே அது.

இந்த உடன்பாட்டின் வரலாற்றை நீங்கள் வரிவரியாகப் படிக்க வேண்டும். பாரசீகத்தின் (இன்றைய ஈரானின்) மன்னர் 1901-இல் வில்லியம் நாக்ஸ் டார்சி என்ற பிரிட்டிஷ் முதலீட்டாளருக்கு வழங்கிய, எண்ணெய் தேடி எடுக்கும் உரிமை தரும் சலுகை ஒப்பந்தம், வடக்கிலுள்ள ஐந்து மாகாணங்கள் நீங்கலாக அந்நாடு முழுவதையும் அறுபது ஆண்டுகளுக்கு அவரிடம் ஒப்படைத்தது. அதற்கு ஈடாக மன்னர் தரப்புக்குக் கிடைத்தவை 20,000 பிரிட்டிஷ் பவுண்டு ரொக்கம், அதே மதிப்புக்குப் பங்குகள், ஆண்டு நிகர இலாபத்தில் 16 விழுக்காடு. எண்ணெய் 1908-இல் கிடைத்தது. சச்சரவும் கூடவே வந்தது. ‘நிகர இலாபம்’ என்றால் என்ன, துணை நிறுவனங்கள் ஈட்டும் இலாபம் அதில் சேருமா என்று பல ஆண்டுகள் வழக்காடினார்கள். 1932-இல் ஒப்பந்தம் ரத்தாகி, மறு ஆண்டு புதிதாக எழுதப்பட்டு, 1951-இல் தேசியமயமாக்கலில் போய் முடிந்த அந்த நீண்ட கதையில், கணக்கியல் சொல் ஒன்றைத் தெளிவாக வரையறுக்காமல் விட்டதற்கும் ஒரு பங்கு உண்டு.

இந்தோனேசியா 1966-இல் வேறொரு பாதையைக் காட்டியது. அங்கே கையொப்பமான உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தத்தில் நிறுவனம் வெறும் ஒப்பந்ததாரர், எண்ணெய் அரசினுடையது. எடுக்கும் ஒவ்வொரு நூறு பீப்பாயிலும் நாற்பது வரை செலவுக்கு ஈடாக நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம். எஞ்சிய அறுபதை 65:35 என்று பிரித்தால் அரசுக்கு 39, நிறுவனத்துக்கு 21. பார்ப்பதற்கு எளிய கணக்குதான். ஆனால் எந்தச் செலவு அந்த நாற்பதுக்குள் வரும், தலைமையகத்து நிருவாகச் செலவு வருமா, வறண்டுபோன கிணற்றின் செலவு வருமா, தணிக்கை செய்யும் உரிமை எத்தனை ஆண்டுகளுக்கு இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினால் ஒரு பருவம் முழுவதும் போதாது. பொது ஒப்பந்தச் சட்ட வகுப்பில் இவற்றுக்கு இடமும் இருக்காது, நேரமும் இருக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1951-இல் அபுதாபி ஆட்சியாளருக்கும் ஓர் எண்ணெய் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் நடுவராக இருந்த அஸ்குவித் பிரபு, அந்த மண்ணின் சட்டத்தில் நவீன வணிக ஒப்பந்தத்துக்குப் பொருத்தக்கூடிய கொள்கைகள் இல்லை என்று கூறி அதை ஒதுக்கிவைத்தார். கண்டத்திட்டு, அதாவது கரையையடுத்துக் கடலுக்கடியில் நீளும் நிலப்பகுதி, அந்த ஒப்பந்தத்துக்குள் அடங்காது என்பதால் தீர்ப்பின் அப்பகுதி ஆட்சியாளருக்குச் சாதகமாகவே அமைந்தது. இருந்தும், ஒரு நாட்டின் சட்டத்தை வேறொரு நாட்டு நீதிபதி தகுதியற்றது என்று தள்ளியது பலர் மனத்தில் தங்கிவிட்டது. இயற்கை வளங்களின் மீது மக்களுக்கும் நாடுகளுக்கும் நிலையான இறையாண்மை உண்டு என்று ஐ.நா. பொதுச்சபை 1962-இல் நிறைவேற்றிய 1803-ஆம் தீர்மானத்தை இந்தப் பின்னணியோடு படித்தால்தான் அதன் கனம் விளங்கும். இதைச் சொல்லித்தராத பாடத்திட்டத்தை நான் முழுமையானதாகக் கருதமாட்டேன்.

கேள்வி: வணிகவியல் பட்டதாரி நான். பொறியியலும் தெரியாது, சட்டமும் தெரியாது. எரிசக்தி வணிகத்தில் முதுநிலைப் படிப்புக்குச் சேர்ந்தால் தாக்குப்பிடிக்க முடியுமா?

பதில்: முடியும். உங்களுக்குத் தெரிந்த நிதிக் கணக்கு இங்கே பெரிதும் பயன்படும். ஆனால் மூன்று இடங்களில் உங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதலாவது, கையிருப்பு என்ற சொல். கிடங்கில் எண்ணிப் பார்க்கும் கையிருப்பு வேறு. நிலத்தடியில் இருப்பதாக மதிப்பிடப்படும் எண்ணெய் இருப்பு வேறு. பின்னது ஒரு நிகழ்தகவு. இவ்வளவாவது கிடைக்க 90 விழுக்காடு வாய்ப்பு, இவ்வளவாவது கிடைக்க 50 விழுக்காடு வாய்ப்பு, இவ்வளவாவது கிடைக்க 10 விழுக்காடு வாய்ப்பு என்று மூன்று எண்களாக அதைச் சொல்வார்கள். அதோடு, எடுப்பது இலாபகரமாக இருந்தால்தான் அது இருப்பாகக் கருதப்படும். விலை விழுந்தால் ஒரு துளி எண்ணெயும் எடுக்காமலேயே இருப்பு குறைந்துவிடும். 2004 ஜனவரியில் ஷெல் நிறுவனம் தன் உறுதிசெய்யப்பட்ட இருப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 390 கோடி பீப்பாய்களை, அந்த வகையிலிருந்து நீக்கி மறுவகைப்படுத்தியது. பாறைக்குள் எதுவும் மாறிவிடவில்லை. எந்த வகையில் எழுதலாம் என்ற விதியைப் பின்பற்றுவதில் நேர்ந்த பிழைக்காக அதன் தலைவர் சில வாரங்களில் பதவி இழந்தார், பங்குதாரர்கள் வழக்குத் தொடுத்தார்கள்.

இரண்டாவது, காலம். தேடுதல், கண்டுபிடித்தல், மேம்படுத்தல் எல்லாம் முடிந்து முதல் பீப்பாய் வெளிவரப் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். பணம் முழுவதும் முன்னால் போகிறது, வருவாய் பின்னால் வருகிறது. எதிர்கால வருவாயை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்க்கும் நிகர நிகழ்கால மதிப்புக் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் அந்தக் கணக்கில் ராயல்டியை, அதாவது எடுக்கும் எண்ணெயின் மதிப்பில் அரசுக்குரிய பங்கை, முதல் நாளிலிருந்தே கட்டுவதா, செலவை மீட்ட பிறகு வரியாகக் கட்டுவதா என்பது ஒரு வயலை வாழவைக்கவும் கைவிடவும் வல்லது. நார்வே ராயல்டி முறையைக் கைவிட்டு, பெட்ரோலிய இலாபத்தின் மீது மொத்தம் 78 விழுக்காடு வரி விதிக்கிறது; இருந்தும் நிறுவனங்கள் அங்கே தேடுகின்றன. ஏன் என்று கேட்டால், முதலீட்டுச் செலவை வரிக் கணக்கில் தாராளமாகக் கழித்துக்கொள்ள விடுவதால் நட்ட அபாயத்தின் சுமையில் பெரும்பகுதியை அரசும் ஏற்கிறது என்பதுதான் விடை. வரி விகிதத்தை மட்டும் பார்த்து ஒரு நாட்டின் நிபந்தனைகளைக் கடுமை என்றோ இளக்கம் என்றோ சொல்லிவிட முடியாது.

மூன்றாவது, எண்ணெயும் எரிவாயுவும் ஒரே வணிகம் அல்ல. எண்ணெயைக் கப்பலில் ஏற்றி எங்கும் அனுப்பலாம். எரிவாயுவுக்குக் குழாய் வேண்டும். இல்லையென்றால் மைனஸ் 162 பாகை வரை குளிரவைத்து, கன அளவை அறுநூறில் ஒரு பங்காகச் சுருக்கித் திரவமாக்க வேண்டும். அவ்வளவு பெரிய ஆலையைக் கட்ட எந்த வங்கியும், இருபது ஆண்டுகளுக்கு வாங்க ஆள் இருக்கிறார் என்ற கையொப்பம் இல்லாமல் எளிதில் கடன் கொடுக்காது. அதனால்தான் ‘எடு, அல்லது பணத்தைக் கொடு’ என்ற விதி எரிவாயு ஒப்பந்தங்களில் வேரூன்றியது. வாங்குபவர் ஒப்புக்கொண்ட அளவை எடுத்துக்கொள்ளாவிட்டாலும் விலையைக் கட்டியாக வேண்டும். 1980-களில் தேவை சரிந்தபோது அமெரிக்கக் குழாய் நிறுவனங்கள் இந்த விதியில் சிக்கிப் பெரும் கடனாளிகளாயின. அந்த நெருக்கடி அந்நாட்டு எரிவாயுச் சந்தையின் அமைப்பையே மாற்றிவிட்டது.

விலை பற்றிய வகுப்பில் 2020 ஏப்ரல் 20-ஆம் நாளைக் கட்டாயம் படிப்பீர்கள். அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத முன்பேர ஒப்பந்தம் (பின்னொரு நாளில் ஒப்படைக்க முன்கூட்டியே விலை பேசும் ஒப்பந்தம்) பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. ஓக்லஹோமாவின் குஷிங் கிடங்குகளில் எண்ணெயை நேரில் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனை. கிடங்குகளிலோ வாடகைக்கு இடம் கிடைக்கவில்லை. பெற்றுக்கொள்ள வழியில்லாதவர்கள் பணம் கொடுத்துத் தள்ளிவிட்டார்கள். விலை என்பது பொருளுக்கு மட்டும் உரியதன்று, இடத்துக்கும் நாளுக்கும் ஒப்படைக்கும் முறைக்கும் சேர்த்தே உரியது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் நிகழ்ச்சி எனக்குத் தெரியாது.

கேள்வி: எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரலாம்?

பதில்: பெயர்ப் பட்டியல் தருவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் எரிசக்தி, பெட்ரோலியம், கனிமச் சட்டத்துக்கான மையம் 1977 முதல் இயங்குகிறது. வட கடல் தொழிலின் நகரமான அபர்தீனில் உள்ள பல்கலைக்கழகமும், அமெரிக்காவில் ஹூஸ்டன், ஓக்லஹோமா, டல்சா ஆகியவையும் இத்துறையில் நீண்ட பழக்கமுடையவை. அமெரிக்கப் படிப்புகள் தனியார் குத்தகை, நில உரிமை ஆவணங்களை ஆராய்தல் ஆகியவற்றில் ஆழமாகச் செல்லும். ஐரோப்பியப் படிப்புகள் அரசு உரிமம், பன்னாட்டு நடுவர் தீர்ப்பு, கடல் சட்டம் ஆகியவற்றில் சாய்வு கொண்டவை. எந்த வகை வேலை உங்களுக்கு வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டு தேடுங்கள். பாடத்திட்டத்தில் கட்டாயப் பாடங்களைப் பாருங்கள்: வரியும் நிதியும் சட்ட மாணவருக்கும், ஒப்பந்தம் எழுதுதல் வணிக மாணவருக்கும் கட்டாயமாக இருந்தால் அது நல்ல அடையாளம்.

கேள்வி: கடலடிக் கிணறுகளில் பத்தாண்டுகள் பணியாற்றிய பொறியாளர் நான். சட்டப் பக்கம் வர விரும்புகிறேன். எனக்கு எது கடினமாக இருக்கும்?

பதில்: கிணறும் பாறையும் உங்களுக்கு அத்துபடி; அவற்றைச் சட்ட மாணவர்களுக்கு நீங்களே விளக்குவீர்கள். கடினமாக இருக்கப்போவது, பொறுப்பு என்ற சொல்லுக்குச் சட்டத்தில் உள்ள பொருள். தவறு செய்தவர் ஈடுகட்டட்டும் என்பதே பொறியாளரின் இயல்பான எண்ணம். கூட்டு இயக்க ஒப்பந்தம் அப்படி எழுதப்படுவதில்லை.

ஒரு வயலில் பல நிறுவனங்கள் பங்கு வைத்திருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் இயக்குநராக இருந்து வேலையைச் செய்யும். இயக்குநருக்கு அந்த வேலைக்கென்று தனி இலாபம் கிடையாது. ஆகவே சாதாரணக் கவனக்குறைவால் நேரும் நட்டத்தை எல்லாப் பங்காளிகளும் தத்தம் விகிதப்படி சுமக்க வேண்டும் என்றும், மிகக் கடுமையான அலட்சியமோ வேண்டுமென்றே செய்த தவறோ இருந்தால் மட்டும் இயக்குநர் தனியே பொறுப்பேற்க வேண்டும் என்றும் வழக்கமாக எழுதுவார்கள். மெக்சிகோ வளைகுடாவின் மக்கோண்டோ கிணற்றில் இயக்குநரான பிபி எண்ணெய் நிறுவனம் 65, அனடார்க்கோ 25, மோயெக்ஸ் 10 விழுக்காடு என்று பங்கு வைத்திருந்தன. 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துளையிடும் மேடை வெடித்துப் பதினொரு பேர் உயிரிழந்து, 87 நாட்கள் எண்ணெய் கடலில் கொட்டியபோது, ‘மிகக் கடுமையான அலட்சியம்’ என்ற அந்த ஒரு சொற்றொடர் பல நூறு கோடி டாலர் பெறுமதியுடையதாயிற்று. இயக்குநரின் அலட்சியம் கடுமையானது, ஆகவே எங்கள் பங்கைக் கட்டமாட்டோம் என்று அனடார்க்கோ வாதிட்டது. 2011-இல் 400 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2014 செப்டம்பரில், அமெரிக்க நீதிமன்றம் பிபி-யின் நடத்தை கடுமையான அலட்சியமே என்று கண்டது. அந்தச் சமரசம் சரியா, அவசரமா என்று வகுப்பில் விவாதிக்கலாம்.

பாதுகாப்புச் சட்டத்தில் உங்கள் அனுபவம் மிகவும் மதிக்கப்படும். 1988 ஜூலை 6-இல் வட கடலின் பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்து 167 பேர் மாண்டார்கள். அதை விசாரித்த கல்லன் பிரபுவின் 1990-ஆம் ஆண்டு அறிக்கை 106 பரிந்துரைகளைச் செய்தது. அரசு ஒரு பட்டியலைக் கொடுத்து, நிறுவனம் அதைச் சரிபார்த்துக் குறியிடும் முறை போய், தன் மேடை பாதுகாப்பானது என்பதை நிறுவனமே ஆதாரத்தோடு மெய்ப்பிக்க வேண்டும் என்ற முறை வந்தது. உரிமம் வழங்கி உற்பத்தியைப் பெருக்கும் துறையிடமே பாதுகாப்பையும் ஒப்படைத்திருந்தது தவறென்று உணர்ந்து அந்தப் பணி வேறோர் அமைப்புக்கு மாற்றப்பட்டது. மேடையில் நின்று வேலை பார்த்தவர் இந்த அறிக்கையைப் படித்தால், நான் வகுப்பில் சொல்லக்கூடியதைவிட அதிகமாக அறிவார்.

கேள்வி: என் மகள் இந்தப் படிப்பில் சேர விரும்புகிறாள். எண்ணெயின் காலம் முடியப்போகிறது என்கிறார்களே, இதைப் படிக்கவைப்பது சரியா? பருவநிலை மாற்றத்துக்குக் காரணமான தொழிலில் அவள் போய்ச் சேரவேண்டுமா என்ற கலக்கமும் எனக்கு இருக்கிறது.

பதில்: உங்கள் கேள்வியில் பிழைப்பு பற்றிய கவலை ஒன்று, மனசாட்சி பற்றிய கவலை ஒன்று. இரண்டும் நியாயமானவை.

தொழில் சுருங்கும்போது சட்ட வேலையும் அதே அளவில் சுருங்கிவிடுவதில்லை. தோண்டிய ஒவ்வொரு கிணற்றையும் யாரோ ஒருவர் அடைக்க வேண்டும். கடலில் நிறுத்திய ஒவ்வொரு மேடையையும் யாரோ ஒருவர் அகற்ற வேண்டும். பிரிட்டனின் 1998-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி, உரிமத்தை விற்றுவிட்டு வெளியேறிய பழைய பங்காளியையும் அரசு இந்தச் செலவுக்குத் திரும்ப அழைக்க முடியும். ஆகவே, வயலை விற்கும்போதே வாங்குபவரிடம் பிணைப்பணம் கேட்டு உடன்படிக்கை எழுதுகிறார்கள். கனடா உச்ச நீதிமன்றம் 2019-இல் ரெட்வாட்டர் வழக்கில், நொடித்துப்போன நிறுவனத்தின் சொத்து கடன்காரர்களுக்குப் போகுமுன் கைவிடப்பட்ட கிணறுகளை மூடும் கடமைக்கு அது பயன்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எண்ணெய் வயல்களுக்குக் கடன் கொடுக்கும் ஒவ்வொரு வங்கியும் படிக்க வேண்டிய தீர்ப்பு இது. கரியமில வாயுவை நிலத்தடியில் செலுத்திச் சேமிக்கும் பணியும் இருக்கிறது. நார்வேயின் ஸ்லெய்ப்னர் வயலில் அது 1996 முதல் நடக்கிறது. பாறைத் துளைகள் யாருக்குச் சொந்தம், நூறு ஆண்டுகள் கழித்துக் கசிந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு விடை எழுதப்போகிறவர்கள், எண்ணெய்ச் சட்டம் அறிந்தவர்களே.

மனசாட்சியைப் பற்றி நான் உங்கள் மகளுக்கு முடிவு சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் சொல்வேன்: எண்ணெய்த் தொழிலுக்கு எதிராக வாதாடுபவர்களும் இதே படிப்பைப் படித்தவர்களாக இருப்பது நல்லது. இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் ஓர் எண்ணெய்க் கிணற்று விரிவாக்கத்துக்கு அனுமதி வழங்கியதை எதிர்த்து, அப்பகுதியில் வாழும் ஒரு பெண்மணி வழக்குத் தொடுத்தார். எடுக்கப்படும் எண்ணெய் பின்னால் எரிக்கப்படும்போது வெளியேறும் கரியமில வாயுவையும் சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் கணக்கிட வேண்டும் என்று 2024 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மறுபுறம், ஷெல் நிறுவனம் தன் உமிழ்வை 2030-க்குள் 45 விழுக்காடு குறைக்க வேண்டும் என்ற 2021-ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஹேக் நகர நீதிமன்ற ஆணையை, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 நவம்பரில் நீக்கியது. உமிழ்வைக் குறைக்கும் கடமை அந்நிறுவனத்துக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டாலும், குறிப்பிட்ட ஒரு விழுக்காட்டை விதிக்க இயலாது என்றது. இந்த இரு தீர்ப்புகளையும் மகளோடு சேர்ந்து நீங்களும் படித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் நின்று வாதாட அவள் விரும்புகிறாள் என்பது அந்தப் பேச்சிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

கேள்வி: சேர்வதற்கு முன்னால் ஆறு மாதம் இருக்கிறது. என்ன படிக்கலாம்?

பதில்: பாடநூல்கள் பிறகு வரும். முதலில் உண்மையான ஒப்பந்தம் ஒன்றைத் தொடக்கம் முதல் கையொப்பம் வரை படியுங்கள். கானா உள்ளிட்ட பல நாடுகள் தம் பெட்ரோலிய ஒப்பந்தங்களை இணையத்தில் வெளியிட்டிருக்கின்றன, கட்டணம் இல்லை. சொற்களுக்குப் பொருள் தரும் வரையறைப் பகுதியைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான சச்சரவுகளின் விதை அங்கேதான் இருக்கிறது. பின்னர் ஒரு தாளில், ஆண்டுக்கு இவ்வளவு உற்பத்தி, இவ்வளவு விலை, இவ்வளவு செலவு என்று உங்கள் விருப்பப்படி எண்களை வைத்துக்கொண்டு, அந்த ஒப்பந்தத்தின் விதிகளின்படி அரசுக்கு எவ்வளவு, நிறுவனத்துக்கு எவ்வளவு என்று ஆண்டுவாரியாகக் கணக்கிடுங்கள். விலையைப் பாதியாக்கி மீண்டும் போடுங்கள். இரட்டிப்பாக்கி மீண்டும் போடுங்கள். எந்த விதி யாருடைய பங்கை எந்த நிலையில் காக்கிறது என்று குறித்துவைத்து, விளங்காத இடங்களைக் கேள்விகளாக எழுதிக்கொண்டு முதல் வகுப்புக்குச் செல்லுங்கள்.